பாட்டு எழுத உட்கார்ந்தால் வரியே வரமாட்டேன் என்கிறது, என்ன செய்வது?

பெரும்பாலும் கற்பனை வற்றிப்போவதில்லை. எழுதும்போதே திருத்துவதால் அடைபட்டு நிற்கிறது. எழுதுவதையும் திருத்துவதையும் வேறு வேறு நாளில் வையுங்கள். தினமும் 10 நிமிடம், ஒரே பொருளைப் பற்றி (பழைய சாவி போதும்) நிறுத்தாமல் எழுதுங்கள். அப்போது எதுகை தேட வேண்டாம். தேடினால் என்ன சொல்வது என்பதை எதுகையே முடிவு செய்துவிடும்.

மெட்டு தோன்றினால் உடனே தத்தகாரமாக (சொல் இல்லாமல் 'தன்னன தானன' என்று) பாடிக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். சொல்லை அப்புறம் பொருத்தலாம். பலரும் சறுக்குவது அங்கேதான்: நீளும் சுரத்தில் குறில் விழுந்தால் 'படம்' காதுக்குப் 'பாடம்' ஆகிவிடும். நீட்டும் இடத்துக்கு நெடில் கொடுங்கள்.

சரணம் நகரவில்லையா? பல்லவியிலேயே எல்லாவற்றையும் கொட்டியிருப்பீர்கள். ஒரு செய்தியை அங்கிருந்து எடுத்துச் சரணத்தில் வையுங்கள்.