சரவாங்கிக்கு எதற்கு ஈ.சி.ஜி.? மூட்டு மருத்துவர் பதில்கள்

செங்கோட்டை: கைவிரல் வீங்கியதற்குச் சரவாங்கி என்றார்கள். எனக்கு எதற்கு ஐயா ஈ.சி.ஜி.?

அம்மா, விரல் மூட்டில் இருக்கும் அதே அழற்சி ரத்தக் குழாயின் உட்சுவரையும் அரிக்கிறது. சரவாங்கி என்கிற முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இதய ஆபத்தைக் கணிக்கும் வழக்கமான கணக்கில் வரும் எண்ணை 1.5-ஆல் பெருக்கச் சொல்கிறார்கள் ஐரோப்பிய வாதநோய் வல்லுநர்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. நோய் கொதிக்கும்போது ரத்தக் கொழுப்பு குறைவாகவே காட்டும். அதைப் பார்த்து மகிழ வேண்டாம். நோய் அடங்கியபின் மறுபடி சோதியுங்கள். அப்போது சற்று ஏறியிருந்தால் மருந்தைப் பழிக்காதீர்கள்.

கம்பம்: சரவாங்கிக்குத் தரும் மெதோட்ரெக்சேட் மாத்திரை இதயத்தைக் கெடுக்குமா?

கெடுக்காது. நோயை அடக்குவதால் இதயத்துக்கும் துணைதான். ஆனால் வாரத்தில் ஒரே நாள்! தினமும் விழுங்கி, வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட இறங்காமல் வந்தவரைப் பார்த்திருக்கிறேன். அட்டையின் மேல் கிழமையைப் பேனாவால் எழுதிவையுங்கள்.

களியக்காவிளை: முழங்கால் தேய்மானத்துக்கும் இதுதானா?

அது வேறு நோய். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

குமுளி: வயது 63, பீடி உண்டு. சரவாங்கிக்கு டோஃபாசிட்டினிப் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள்.

எழுதியவரிடம் பீடியைச் சொன்னீர்களா? 50 வயது கடந்து, இதய ஆபத்துக்குக் காரணம் ஒன்றாவது உள்ளவர்களிடம் நடந்த ஆய்வில், டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளை அடக்கும் ஊசி போட்டவர்களைவிட இந்த மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்தன. 2021-இல் அமெரிக்க மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. நீங்களாக நிறுத்தாமல் அவரிடமே போய்க் கேளுங்கள்.

புளியரை: ஆரியங்காவு தாண்டிக் கேரளத்தில் மூட்டு வலிக்குப் பொடி வாங்கினேன். மூன்றே நாளில் வலி போயிற்று. உங்களுக்குத்தான் பொறாமை.

பொறாமை இல்லை, பயம். டப்பாவில் பெயர் ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். முகம் உப்பும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். பல வாரம் சாப்பிட்டிருந்தால் சட்டென நிறுத்தவும் கூடாது. உடலில் ஸ்டீராய்டு சுரக்கும் சொந்தச் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். டப்பாவோடு வாருங்கள்.

புனலூர்: கேரள வைத்தியத்தையே பழிக்கிறீர்களே?

கஷாயத்தோடு எனக்குப் பகையில்லை, என் அம்மாவே குடித்தார். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தருகிற வைத்தியரை நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுதித் தராதவரைத்தான் சொல்கிறேன், அவர் மலைக்கு எந்தப் பக்கம் இருந்தாலும்.

தென்காசி: அந்தப் பொடியோடு தினமும் வலி மாத்திரையும் போடலாமா?

வேண்டாம். அந்த மாத்திரைக் குடும்பத்தில் ரோஃபெகாக்சிப் என்று ஒன்று, மாரடைப்பு ஆபத்தால் 2004-இல் சந்தையிலிருந்தே எடுக்கப்பட்டது.

போடி: மெதோட்ரெக்சேட்டைத் தினமும் பாதிப் பாதியாக எடுக்கலாமா?

கம்பத்துக்காரருக்கு எழுதியதைப் படியுங்கள். வாரத்தில் ஒரே நாள்.