உண்டாமே!

கேள்வி: ஒரு மொழியில் சொல் இல்லாத ஒன்றை அம்மொழி பேசுகிறவர்களால் நினைக்கவே முடியாது என்கிறார்கள். எஸ்கிமோக்களிடம் பனிக்கு நூறு சொற்கள் உண்டாமே?

பதில்: நூறு கிடக்கட்டும். ‘உண்டாமே’ என்று முடித்தீர்களே, அதற்காகத்தான் உங்கள் கடிதத்தை எடுத்தேன். ‘உண்டு’ என்றால் பொறுப்பு உங்களுடையது. ‘உண்டாம்’ என்றால் எவரோ சொன்னது. பொய்யாகப் போனால் சொன்னவரைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அதன் வாலில் ஓர் ஏகாரத்தையும் ஒட்டி, அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டீர்கள். கெட்டிக்காரர்.

நமக்கு இந்த ‘ஆம்’ விருப்பப் பாடம். அமேசான் பகுதியில் பேசப்படும் துயுகா மொழியில் கட்டாயப் பாடம். கண்ணால் கண்டதா, காதில் விழுந்ததா, தடயத்தை வைத்து ஊகித்ததா, பிறர் சொன்னதா என்பதை வினைச்சொல்லிலேயே காட்டியாக வேண்டும். இந்த இதழுக்கு எழுதுகிற எல்லோரையும் ஓராண்டு துயுகா படிக்க அனுப்ப எனக்கு ஆசை. பாதிப் பேர் திரும்பி வந்து எழுதவே மாட்டார்கள். இதழ் மெலிந்துவிடும், பரவாயில்லை.

உங்கள் பனிக் கணக்கே ‘ஆம்’ உதிர்ந்துபோன கதைதான். 1911இல் மானுடவியலாளர் பிரான்ஸ் போவாஸ் எடுத்துக்காட்டியவை நான்கே சொற்கள்: தரையில் கிடக்கும் பனி, விழுகிற பனி, காற்று அடித்துச் செல்லும் பனி, குவிந்த பனி. பின்னால் வந்தவர்கள் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத, நான்கு வளர்ந்து நூறாயிற்று. 1986இல் லாரா மார்ட்டின் என்ற மானுடவியலாளர் இந்த வளர்ச்சியைப் படிப்படியாகத் தோண்டிக் காட்டினார். அப்படியும் நூறு குறைந்தபாடில்லை. எஸ்கிமோ என்று ஒரே மொழி இல்லை என்பது வேறு. ஒட்டுக்கு மேல் ஒட்டு வைத்துச் சொல்லை நீட்டும் அம்மொழிகளில் சொற்களை எண்ணப் புகுவதே வீண் வேலை. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தானாமே’ என்பதையும் ஒரு சொல் என்று எண்ணினால், வருவதற்குத் தமிழரிடம் ஆயிரம் சொற்கள் உண்டாம்!

சொல் இல்லையேல் நினைப்பு இல்லை என்று என் பழைய நண்பர் ஒருவர் முன்பு ஒரு தொடரே எழுதினார். ‘எத்தனையாவது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடையாது. ஆங்கிலேயருக்கு வரிசை தெரியாதா என்று கேட்டேன். எட்டாம் ஹென்றி ஆறு முறை மணந்தவர். வந்திருப்பவர் எத்தனையாவது ராணி என்று ஒரே சொல்லில் கேட்க அவருடைய அரண்மனையில் எவருக்கும் வழியில்லை. ஆனால் கணக்கு எவருக்கும் தவறவில்லை, முக்கியமாக ராணிகளுக்கு. நண்பர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். இது எத்தனையாவது ஆண்டு என்பது மறந்துவிட்டது.

அதற்காக மொழி நம்மை ஒன்றும் செய்வதில்லை என்று சொல்லமாட்டேன். எதைச் சொல்ல முடியும் என்பதில் அல்ல, எதைச் சொல்லியே தீரவேண்டும் என்பதில்தான் மொழிகள் வேறுபடுகின்றன என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்ஸன் 1959இல் எழுதினார். எனக்கு அது போதும். தமிழில் ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா என்று வாயைத் திறக்குமுன் தீர்மானிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் உள்ளேயா வெளியேயா என்பது அங்கேயே அம்பலமாகிவிடும். ஆங்கிலத்தின் ‘வீ’ இரண்டுக்கும் நடுவில் ஒளிந்துகொள்ள இடம் தருகிறது. கங்காரு என்ற சொல்லை உலகுக்குத் தந்த ஆஸ்திரேலியாவின் கூகு யிமிதிர் மொழியினர் ஒன்று எங்கே இருக்கிறது என்று சுட்ட இடப்பக்கம், வலப்பக்கம் என்பதில்லை. உங்கள் வடக்குக் காலில் எறும்பு ஊர்கிறது என்பார்கள். அப்படிப் பேச, வடக்கு எது என்பது எந்நேரமும் மனத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். என்னை ஓர் அறையில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டால் கதவே தெரியாது.

ஒரு செய்தி. எங்கள் பிழைதிருத்துநர் உங்கள் ‘உண்டாமே’வை அடித்து ‘உண்டு’ என்று திருத்தியிருந்தார். பேச்சுவழக்காம். பழையபடி மாற்றிவிட்டேன்.