சுற்றுலாவுக்குப் பெயர் கொடுக்காதவர்கள்

அன்புள்ள சார்,

கரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம் வகுப்பின் வகுப்பாசிரியையாக இருக்கிறேன். உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை.

வருடாவருடம் எட்டாம் வகுப்பைச் சுற்றுலா கூட்டிப்போவோம். முன்பெல்லாம் கல்லணை, தஞ்சாவூர் என்று விடிகாலையில் கிளம்பி ராத்திரி திரும்பிவிடுவோம். சில வருடங்களாகக் கோவைப் பக்கம் ஒரு தீம் பார்க்குக்குப் போகிறோம். இந்த வருடம் தலைக்கு 1,450 ரூபாய். வகுப்பில் 46 பேர். 31 பேர் கட்டிவிட்டார்கள். 15 பேர் கட்டவில்லை. போன வாரம் பி.டி. சார் வகுப்புக்கு வந்து, "பேர் குடுக்காதவங்க எல்லாம் எந்திரிங்க" என்று சொல்லி ஒவ்வொருவராகக் காரணம் கேட்டார். ஒரு பையன், "பஸ்ஸுல போனா எனக்கு வாந்தி வரும் சார்" என்றான். தினமும் டவுன் பஸ் படியில் தொங்கிக்கொண்டு வருகிறவன் அவன். வகுப்பே சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

15 பேருமே பணமில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. நான்கு பெண்பிள்ளைகளை வீட்டில் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். ஒரு பையன் நடப்பதற்காகக் காலில் காலிப்பர் என்ற தாங்கு சட்டம் போட்டிருக்கிறான். அவனிடம் நாங்களே கேட்கவில்லை.

ரொம்பக் கஷ்டப்படுகிற மூன்று பேருக்கு ஆசிரியர்கள் சேர்ந்து கட்டலாம் என்று பேசினோம். அது வெளியே தெரிந்து, ஏற்கெனவே பணம் கட்டிய ஓர் அம்மா நேரில் வந்துவிட்டார். "நான் குழுவுல லோன் எடுத்துக் கட்டியிருக்கேன், அவங்களுக்கு மட்டும் சும்மாவா?" என்று சத்தம் போட்டார். தலைமையாசிரியர், "முடிஞ்சவங்க வரட்டும், மத்தவங்க அன்னைக்கு ஏழாங்கிளாஸ்ல உக்காரட்டும்" என்று முடித்துவிட்டார். 15 பேருக்காக 31 பேருடைய சந்தோஷத்தைக் கெடுக்கலாமா என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எது சார் நியாயம்?

பெயர் வெளியிட வேண்டாம்.

ஒரு வகுப்பாசிரியை

*

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமானவராகப் பட்டவர் சத்தம் போட வந்த அந்த அம்மாதான். அவரை நீங்கள் எரிச்சலோடு எழுதியிருப்பதாகத் தோன்றியது. எனக்கு அவர்மேல் மரியாதையே வந்தது. மகளிர் குழுவில் கடன் எடுத்து, வாரத் தவணைக்கு ஒப்புக்கொண்டு, பிள்ளையை ஒரு நாள் ராட்டினத்தில் சுற்ற அனுப்புகிறார். எதற்காக? பி.டி. சார் எழுந்து நிற்கச் சொல்லும்போது தன் பிள்ளை நின்றுவிடக் கூடாது என்பதற்காக. "அவங்களுக்கு மட்டும் சும்மாவா" என்று அவர் கேட்டது பொறாமை இல்லை. கடன் வாங்காமல் இருந்திருந்தால் அந்த மூன்று பேரில் தன் பிள்ளையும் ஒன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். மானத்தைக் காப்பாற்றிக்கொண்டதற்கு அபராதம் கட்டியவர் அவர்.

இப்போது உங்கள் தலைமையாசிரியரின் கணக்குக்கு வாருங்கள். அவர் 31 என்று எழுதிக்கொண்டிருக்கும் எண்ணில் இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்? கம்மலை அடகு வைத்தவர், கொசுவலைக் கம்பெனியில் முன்பணம் கேட்டு வாங்கியவர், சனிக்கிழமைச் சம்பளத்தில் மளிகைக் கடைக்குக் கடன் சொல்லிவிட்டுக் கட்டியவர். இவர்கள் உங்கள் பட்டியலில் 'முடிஞ்சவங்க' வரிசையில் இருக்கிறார்கள். பணம் வந்து சேர்ந்துவிட்டதால் அது எப்படி வந்தது என்று பள்ளி பார்ப்பதில்லை. ஆக, 15 பேருக்கு எதிராக 31 பேர் என்று ஒரு தராசு இங்கே கிடையாது. தென்னிந்தியா முழுக்க ஓடும் பேருந்துகளுக்குக் கூடு கட்டுகிற ஊர் கரூர். அந்தப் பட்டறைகளில் வெல்டிங் வைக்கிறவரின் பிள்ளை சுற்றுலாப் பேருந்தில் ஏறக் கடன் வாங்க வேண்டியிருக்கிறது. இதை உங்கள் ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்களோ என்னவோ.

என் பதில் இவ்வளவுதான்: வகுப்பைக் கூட்டிப்போவது என்று முடிவெடுத்தால், வகுப்பில் கடைசிப் பிள்ளையால் எவ்வளவு முடியும் என்று பார்த்துவிட்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் இடத்தை முதலில் வைத்துவிட்டுப் பிள்ளைகளைச் சலித்து எடுத்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு யாருக்கு யார் பணம் கட்டினாலும் கோணல் நிமிராது.

இது நம் மாநிலத்துக்குப் புதிய யோசனை இல்லை. அரசின் இலவச சைக்கிள் 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு என்றுதான் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் எல்லோருக்கும் என்று விரிந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவு தொடங்கியபோது எந்தப் பிள்ளையிடமும் வருமானச் சான்றிதழ் கேட்கவில்லை. தொடக்கப் பள்ளியில் இருக்கிறாயா, உட்கார், சாப்பிடு. இந்தத் திட்டங்களில் குறை சொல்ல எத்தனையோ இருக்கிறது. சைக்கிளின் செயின் கழன்றுகொள்வது தனிக் கதை. ஆனால் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து, இவன் ஏழை, அதனால் சாப்பிடுகிறான் என்று பக்கத்துப் பிள்ளை சொல்ல வழியில்லாமல் செய்தது பெரிய காரியம். சுற்றுலா என்று வரும்போது மட்டும் அதே பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பழக்கம் மறந்துவிடுகிறது.

இங்கிலாந்தில் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, பள்ளி நேரத்தில் நடக்கும் சுற்றுலாவுக்கு அரசு நிதியில் இயங்கும் பள்ளிகள் கட்டணம் விதிக்க முடியாது. பெற்றோரிடம் விருப்பப்பட்டால் கொடுங்கள் என்று கேட்கலாம். கொடுக்காதவரின் பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. போதுமான பணம் சேரவில்லையென்றால் சுற்றுலாவையே கைவிட வேண்டியதுதான். அங்கேயும் பள்ளிகள் இதனால் தடுமாறுகின்றன, வருத்தத்தோடு ரத்து செய்கின்றன. ஆனால் கவனியுங்கள், பணம் குறைந்தால் அந்தக் குறை மொத்த வகுப்பின்மேல் விழுகிறது, ஒரு பையன் தலையில் மட்டும் விழுவதில்லை. இடத்தை மாற்றலாமா, செலவைக் குறைக்கலாமா என்று ஆசிரியர்கள் யோசிக்க ஆரம்பிப்பது அப்போதுதான்.

நம்முடைய 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவும், தொடக்கக் கல்வியை முடிக்கத் தடையாகும் எந்தக் கட்டணமும் செலவும் பிள்ளையின்மேல் விழக் கூடாது என்கிறது. எட்டாம் வகுப்பு அதற்குள் வருகிறது. தீம் பார்க் போகாததால் படிப்பு நின்றுபோய்விடாது, ஆகவே இதை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது. தலைமையாசிரியரிடம் சட்டம் பேசப் போகாதீர்கள், அவர் விறைத்துக்கொள்வார். கணக்குப் பேசுங்கள்.

அந்த 1,450 ரூபாயில் நுழைவுச் சீட்டு எவ்வளவு, பேருந்து வாடகை எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். பெரும்பகுதி சீட்டுக்குப் போகிறது என்று தெரியவரும். இத்தனை பிள்ளைகள் வந்தால் ஓர் ஆசிரியருக்கு இலவசம் என்று இந்த இடங்களில் சலுகை கொடுப்பது வழக்கம். அதுவும் பிள்ளைகள் கட்டிய பணத்திலிருந்து வருவதுதான். ஆசிரியர் அறையில் யாரும் பேசிக்கொள்ளாத விஷயம் இது, நானாவது சொல்லிவைக்கிறேன்.

சீட்டு இல்லாத இடத்துக்குப் போனால் வாடகையும் சோறும்தான் செலவு. மத்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்கும் சின்னங்களில்கூட 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு நுழைவு இலவசம். உங்கள் பிள்ளைகள் எல்லோருமே அதற்குள் வந்துவிடுவார்கள். புதுக்கோட்டைப் பக்கம் சமணக் குகை ஓவியங்கள் இருக்கும் சித்தன்னவாசலுக்குப் போகலாம். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். உங்கள் மாவட்டத்திலேயே வேலாயுதம்பாளையத்தில் ஆறுநாட்டான் மலை இருக்கிறது. முருகன் கோயிலுக்காக உங்களில் பலர் ஏறியிருப்பீர்கள். அங்கே சமண முனிவர்களின் கற்படுக்கைக்கு மேலே தமிழ் பிராமி எழுத்தில் ஒரு சேர அரச குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள்: ஆதன் செல்லிரும்பொறை, மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ. சங்க காலத்தைக் கணிக்க ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் கல்வெட்டு அது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது சலிப்பாக இருக்கும் என்பீர்கள். கூட்டிப்போய் நிறுத்தி, 'இது உங்க ஊரு' என்று சும்மா விட்டால் சலிக்கத்தான் செய்யும். முதல் நாளே வகுப்பில் பிராமி எழுத்துகளைக் கொடுத்து, அவரவர் பெயரை எழுதிப் பார்க்கச் சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள். தன் பெயரில் இருக்கும் 'க' பாறையில் இருக்கிறதா என்று தேடுகிற பிள்ளை அவ்வளவு சீக்கிரம் கீழே இறங்காது. பக்கத்திலேயே காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1979-இல் தொடங்கப்பட்டது. உங்கள் பிள்ளைகளில் சிலருக்குக் கரும்பு வெட்டப் போகும் சொந்தக்காரர்கள் இருப்பார்கள்.

உடனே என் யோசனையில் ஓட்டை தெரிகிறது. காலிப்பர் போட்ட பையன் அந்தப் படிகளை ஏற வேண்டும். ஏறிவிடுவான் என்று நீங்களே முடிவுசெய்யாதீர்கள், முடியாது என்றும் முடிவுசெய்யாதீர்கள். அவனிடமும் அவன் வீட்டிலும் கேளுங்கள். அவன் தயங்கினால் மலை வேண்டாம். கல்லணைக்குப் போங்கள். பாலத்தின் மேலேயே நடந்துகொண்டு ஆற்றைப் பார்க்கலாம், பூங்காவில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், படிப்பில் மட்டுமல்ல, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் சம வாய்ப்பு தர வேண்டும் என்று பள்ளிகளுக்குச் சொல்கிறது. உங்கள் கடிதத்திலேயே எனக்கு வலித்த வரி 'அவனிடம் நாங்களே கேட்கவில்லை' என்பதுதான். பணம் இல்லாதவனையாவது எழுப்பி நிற்கவைத்துக் காரணம் கேட்டார்கள். இவனைக் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த நான்கு பெண்பிள்ளைகளின் வீட்டாரைப் பிற்போக்கு என்று ஒதுக்கிவிட வேண்டாம். தண்ணீரில் விளையாடும் இடம், நனைந்த உடை, ஆள் ஆளுக்குக் கையில் செல்போன், போட்டோ. பதின்மூன்று வயதுப் பெண்ணின் தாய் இதற்குப் பயப்படுவதில் என்ன தப்பு? மாதவிலக்கு நாளாக இருந்தால் அந்தப் பிள்ளை அங்கே கரையில் பையைக் காத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். இடம் மாறினால் இந்த நால்வரில் இரண்டு பேராவது வருவார்கள் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் வீட்டுக்கு நீங்களே ஒரு மாலை போய் வாருங்கள். கூட வரும் ஆசிரியை யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், எந்த எண்ணில் கூப்பிடலாம் என்று வாசலில் நின்று சொன்னால் போதும், பல அப்பாக்கள் இறங்கி வருவார்கள்.

மூன்று பேருக்குப் பணம் கட்ட நீங்கள் நினைத்தது நல்ல மனசு. ஆனால் மூன்று பேரை யார் தேர்ந்தெடுப்பது? நான்காவது பிள்ளைக்கு என்ன சொல்வீர்கள்? அந்தப் பணத்தைப் பெயர் போடாமல் பேருந்து வாடகையில் போட்டுவிடுங்கள். பழைய மாணவர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகம் என்று கொடுக்கக்கூடியவர்களிடமும் வாடகைக்கென்றே கேளுங்கள். எல்லோருக்கும் கட்டணம் குறையும். குழுவில் கடன் வாங்கிய அந்த அம்மாவுக்கும் மிச்சப் பணம் திரும்பிப் போகும், அவர் மறுபடி வந்து சத்தம் போட மாட்டார். அடுத்த வருடம் ஜூனிலேயே கட்டணத்தைச் சொல்லிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாம். பழைய ஆட்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே சிறுகச் சிறுகப் பணம் போட்டுவந்த சஞ்சாயிகா சேமிப்பு ஞாபகம் இருக்கும், அந்த மாதிரி. ஒன்று மட்டும், பணத்தை வகுப்பில் வைத்து வாங்காதீர்கள். அலுவலக அறையில் வாங்குங்கள். யார் கட்டினார், யார் கட்டவில்லை என்பது இன்னொரு பிள்ளைக்குத் தெரிய வேண்டியதில்லை.

வாந்தி வரும் என்று சொன்ன பையனைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தப் பொய்யை உடைத்துவிடாதீர்கள். 'டவுன் பஸ்ஸுல வர்றப்ப வராதா?' என்று பரிவாகக்கூடக் கேட்க வேண்டாம். கட்டணம் குறைந்தபின் இடம் மாறிய செய்தியை வகுப்புக்குப் பொதுவாகச் சொல்லுங்கள். அவன் பெயர் கொடுக்கும்போது, 'ஜன்னல் ஓரம் உக்காந்துக்கோ, காத்து வந்தா ஒண்ணும் பண்ணாது' என்று சொல்லிவிட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் தாண்டியும் ஓரிருவர் வராமல் இருப்பார்கள். தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், உடம்பு சரியில்லாதவர்கள், கூட்டம் என்றாலே பிடிக்காதவர்கள். பிடிக்காதவனை இழுத்துக்கொண்டு போவதும் அநியாயம்தான். ஆனால் திரும்பி வந்த மறுநாள் 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். வகுப்பு வாட்ஸப் குழுவில் படங்களைக் கொட்டவும் வேண்டாம், நாலு படத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டினால் போதும்.

தலைமையாசிரியர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம். முன்பணம் கொடுத்தாயிற்று என்பார். டிராவல்ஸுக்குக் கொடுத்த முன்பணம் பேருந்துக்குத்தான், அது எந்த ஊருக்கும் போகும், கேட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை, தீம் பார்க்தான் என்றால், நீங்கள் போகாதீர்கள். பெண்பிள்ளைகளோடு போக இன்னோர் ஆசிரியையைக் கேளுங்கள். ஏழாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் அந்த 15 பேரைத் திணிப்பதற்குப் பதில், அன்றைக்கு உங்கள் வகுப்பறையிலேயே நீங்கள் அவர்களோடு இருங்கள். பி.டி. சாருக்குப் புரியாவிட்டாலும் பிள்ளைகளுக்குப் புரியும், வகுப்பாசிரியை யார் பக்கம் உட்கார்ந்தார் என்று.

காகித ஆலைக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்க வேண்டியிருக்கும். தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போட்டு அந்தக் கடிதத்தை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.