உளவர் சந்தையும் உழவர் சந்தையும்

அன்புள்ள ஐயா,

மதுரையை அடுத்த திருமங்கலத்தைச் சேர்ந்த நான் வேலையின் பொருட்டுச் சென்னையில் வசிக்கிறேன். நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று வாசித்ததற்காக, வகுப்பில் அவளை நிற்கவைத்துப் பத்து முறை சொல்லச் செய்திருக்கிறார்கள். வீட்டில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம். என் அம்மா மதுரையை 'மருதை' என்றும் குதிரையைக் 'குருதை' என்றுமே சொல்வார். நாங்கள் பேசுவது பிழைத் தமிழா? குழந்தைக்காக அதை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அம்மாவிடமிருந்தே தொடங்குகிறேன். 'மதுரை'யில் தகரமும் ரகரமும் இடம் மாறியதால் 'மருதை'. 'குதிரை'யில் அதே இரண்டும் இடம் மாறியதால் 'குருதை'. மருத மரங்கள் நிறைந்த ஊர் மருதையாக இருந்து பின்னர் மதுரையாயிற்று என்றொரு விளக்கம் நம் பக்கத்தில் வெகுகாலமாக உண்டு. கேட்பதற்கு இனிமையானதுதான், ஆனால் குருதைக்கு எந்த மரத்தைக் காட்டுவது? அழகர்மலையின் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டில் ஊரின் பெயர் 'மதிரை' என்றே இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டில் ஆண்ட சோழ மன்னன் முதலாம் பராந்தகனும் தன் கல்வெட்டுகளில் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி'தான். எனவே 'மருதை' பின்னால் நேர்ந்த ஒலிமாற்றம் என்றே கருதுகிறேன். பின்னால் வந்தது என்பதனாலேயே அது பிழையாகிவிடாது. 'தசை' அதே வழியில் 'சதை' ஆனபோது, இலக்கணப்போலி என்று பெயரிட்டுப் பாடநூலில் இடமளித்தோம். சதைக்குக் கிடைத்த சலுகை குருதைக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

ரகரமும் ழகரமும் 'நுனிநா அணரி அண்ணம் வருட'ப் பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தைத் தடவ வேண்டும், ஒட்டிவிடக் கூடாது. நம் பக்கத்துப் பேச்சில் அது ஒட்டிவிடுவதால் ழகரம் ளகரமாகிறது. சோழவந்தான், கீழவாசல், அழகர்கோயில் என்று எங்கும் இதே மாற்றம்தான் நிகழ்கிறது. வாய் தவறிச் சொல்வதில் இத்தகைய ஒழுங்கு இராது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் இது உண்டு. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அன்றிலிருந்து ஊரில் பலரும் அதை 'உளவர் சந்தை' என்றே சொல்லிவருகிறார்கள், ஒற்றர்கள் கூடும் இடம் என்றெண்ணிக் கத்தரிக்காய் வாங்காமல் திரும்பியவர் எவரும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களும் இலையை 'எல' என்றும், உலகத்தை 'ஒலகம்' என்றும், காற்றைக் 'காத்து' என்றுமே பேசுகிறார்கள். அவை பெரும்பாலும் எல்லா ஊர்களுக்கும் பொதுவாகிவிட்டதால் ஒருவர் காதையும் உறுத்துவதில்லை.

இருந்தாலும், பள்ளியின் பக்கமும் ஓரளவு நியாயம் இருக்கிறது. பேச்சில் இடமும் சூழலும் பொருளைக் காப்பாற்றிவிடும்; எழுத்தில் அந்த உதவி குறைவு. விழித்தான், விளித்தான் என்ற இரண்டையும் ஒரே ஒலியாகக் கேட்டுப் பழகிய குழந்தை, எதை எப்போது எழுதுவது என்று ஒவ்வொரு சொல்லாக நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஆகவே உரக்க வாசிக்கும்போது மட்டும் ழகரத்தைப் பழக்குங்கள். 'ள்' என்று சொல்லத் தொடங்கி, நா அண்ணத்தில் ஒட்டுவதற்கு முன்பே நிறுத்தி, ஒலியை நீட்டச் சொல்லுங்கள். நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். நானும் மேடையில் ழகரத்தைக் கவனமாக ஒலித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பேரனைக் 'கீள எறங்குடா' என்று அதட்டுகிறவன்தான்.

வீட்டில் எவரும் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, அம்மா நிச்சயமாக வேண்டாம். வகுப்பாசிரியரைச் சந்திக்கும்போது, குழந்தையை நிற்கவைப்பதை மட்டும் விட்டுவிடும்படி கேளுங்கள். பத்து முறை சொல்லச் செய்ததில் எனக்கு மறுப்பில்லை. அதை உட்கார்ந்தபடியே சொல்லலாம்.