தேதியை மறக்கும் மடிக்கணினி

கேள்வி: என் பழைய மடிக்கணினியை அணைத்து மீண்டும் இயக்கினால் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடுகிறது, இணையதளங்களும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கின்றன. வைரஸ் காரணமா?

பதில்: அநேகமாக இல்லை. மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓடவைக்கும், மதர்போர்டிலுள்ள சிறிய சீமாஸ் பேட்டரி தீர்ந்துபோயிருக்க வேண்டும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு என்பதால், கணினியின் தேதி அந்த வரம்புக்கு வெளியே இருந்தால் பிரவுசர் அவற்றை நிராகரித்துவிடும். ஆகவே விண்டோஸை மறுபடி நிறுவுவது வீண் வேலை. பல மாடல்களில் 3 வோல்ட் சிஆர்2032 பட்டன் பேட்டரிதான் இருக்கும். சிலவற்றில் அது ஒயருடன் இணைந்திருக்கும் என்பதால் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். கழற்றுமுன் சார்ஜரையும் முதன்மை பேட்டரியையும் துண்டித்துவிடுங்கள். அந்த முதன்மை பேட்டரி உப்பியிருந்தால் (டச்பேட் மேலெழும்புவது ஓர் அறிகுறி) கடிகாரத்தைவிட அதுவே அவசரம். புதிய சீமாஸ் பேட்டரியைப் பொருத்தியபின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்யுங்கள்.