ஊர் மாறினால் எந்த வரி, யாருக்கு? வாசகர் கேள்வி பதில்

சேலத்துக்குக் குடிவருகிறவர்களும், சேலத்தில் இருந்துகொண்டு வெளியூர்ப் பிள்ளைகளுக்காகக் கவலைப்படுகிறவர்களும் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

கேள்வி: பெங்களூரில் வேலை பார்க்கிறேன். கம்பெனி என்னைச் சேலம் கிளைக்கு மாற்றுகிறது. இங்கே மாதம் 200 ரூபாய் தொழில் வரி பிடிப்பார்கள். சேலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் பிடிப்போம் என்கிறார் ஹெச்.ஆர். இது கூடுதல் வரியா? கே.ஏ. எண் போட்ட காரை என்ன செய்வது?
- வாசகி, விரைவில் அழகாபுரம்

பதில்: கூடுதல் வரி இல்லை. அதே தொழில் வரிதான், வாங்குகிறவர் மட்டும் மாறுகிறார். கர்நாடகத்தில் அதை மாநில அரசே வாங்குகிறது, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் அது உள்ளாட்சிக்குப் போகிற பணம், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று என்று கணக்கு. ஆறு மாத வருமானம் 21,000 ரூபாயைத் தாண்டவில்லை என்றால் வரியே கிடையாது, அதற்கு மேல் படிப்படியாக ஏறும். எவ்வளவு ஏறினாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்ட முடியாது, ஏனென்றால் அரசியல் சட்டத்தின் 276-வது பிரிவே அந்த உச்சவரம்பைப் போட்டிருக்கிறது (முன்பு 250 ரூபாயாக இருந்தது, 1988-ல் திருத்தினார்கள்). ஆகவே மொத்தமாகப் பிடிக்கும்போது பெரிய தொகையாகத் தெரிந்தாலும், நீங்கள் பெங்களூரில் கட்டியதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

எந்த உள்ளாட்சிக்கு என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள். தொழில் வரி உங்கள் வேலையிடத்தைப் பார்க்கும், வீட்டை அல்ல. கன்னங்குறிச்சியில் குடியிருந்து ஐந்து ரோட்டில் வேலை பார்க்கிறவருக்குத் தொழில் வரி சேலம் மாநகராட்சிக்குப் போகும், அவர் குடியிருக்கும் வீட்டின் சொத்து வரியோ கன்னங்குறிச்சி பேரூராட்சிக்குப் போகும். அதே ஆள் கருப்பூரில் வேலைக்குச் சேர்ந்தால் தொழில் வரி கருப்பூர் பேரூராட்சிக்கு. ஊர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் எல்லை வேறு, கவுண்டர் வேறு.

சேருகிற தேதியையும் கவனியுங்கள். ஓர் அரையாண்டில் 60 நாளாவது வேலை பார்த்திருந்தால்தான் இங்கே இந்த வரி வரும். மார்ச் முதல் வாரத்தில் சேர்ந்தால் அந்த அரையாண்டில் 60 நாள் ஆகாது, அடுத்ததிலிருந்துதான் கணக்கு. இதை ஹெச்.ஆரிடம் தயங்காமல் சொல்லுங்கள், பல ஊரில் கிளை வைத்திருக்கிற கம்பெனிகளின் சம்பளப் பிரிவில் தமிழ்நாட்டு நடைமுறை தெரியாதவர்களும் இருப்பார்கள். வேலையிடம் சேலம் என்று மாற்றியதை எழுத்தில் வாங்கிக்கொள்வதும் முக்கியம், இல்லாவிட்டால் கர்நாடகப் பிடித்தம் அங்கே ஓடிக்கொண்டே இருக்கும், இங்கேயும் பிடிப்பார்கள். வருமான வரியில் பழைய முறையில் இருந்தால் கட்டிய தொழில் வரியைக் கழிக்கலாம், புதிய முறையில் முடியாது.

இனி கார். மோட்டார் வாகனச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். நீங்கள் நிரந்தரமாக வருவதால் 11-வது மாதம் வரை காத்திருக்காதீர்கள். பெங்களூரைவிட்டுக் கிளம்பும் முன்பே, அங்கே வண்டி பதிவான ஆர்.டி.ஓ.வில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். கார் லோன் இருந்தால் வங்கியின் கடிதமும் வேண்டும். குடிவந்த பிறகு இதற்காகத் திரும்பத் திரும்ப ஓசூர் தாண்டி ஓடுவது பெரிய அலைச்சல். சேலத்தில் உங்கள் முகவரி எந்த ஆர்.டி.ஓ.வில் வருகிறதோ அங்கே, வண்டியின் வயதையும் வாங்கிய விலையையும் வைத்துத் தமிழ்நாட்டு ஆயுள் வரி போடுவார்கள். புது வண்டிக்குப் போடுகிற அளவு வராது, ஆனாலும் கணிசமான தொகைதான், குடிமாறும் செலவில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே மறுபதிவு ஆனதும், கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரிய பங்கைத் திருப்பிக் கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம். பலர் இதை அப்படியே விட்டுவிடுகிறார்கள், அது உங்கள் பணம், விடாதீர்கள்.

கேள்வி: பெங்களூரில் வெள்ளிக் கொலுசு வியாபாரம். சொந்த ஊரான செவ்வாய்பேட்டைக்கே கடையை மாற்றப்போகிறேன். ஜி.எஸ்.டி. பதிவில் முகவரியை மட்டும் மாற்றினால் போதுமா?
- வாசகர், பெங்களூரு

பதில்: போதாது. ஜி.எஸ்.டி. பதிவு மாநிலவாரியானது. உங்கள் எண் 29-ல் தொடங்கும், தமிழ்நாட்டுக்கு 33. அதே பான் எண்ணில் இங்கே புதிதாகப் பதிவு வாங்க வேண்டும். அங்குள்ள பதிவை உடனே ரத்து செய்துவிடாதீர்கள். அந்தக் கணக்கில் தேங்கி நிற்கும் உள்ளீட்டு வரி வரவை (சரக்கு வாங்கும்போது கட்டிய வரி, விற்கும்போது கட்டுவதில் கழித்துக்கொள்வது) அப்படியே இங்கே தூக்கிவர முடியாது. கையிருப்புச் சரக்கைப் பழைய பதிவிலிருந்து புதிய பதிவுக்கு முறைப்படி பில் போட்டு, ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜி.எஸ்.டி.) கட்டி அனுப்பினால், அந்த வரவு அங்கே செலவாகி இங்கே வரவாக வந்து சேரும். சரக்கு வந்து சேர்ந்த பிறகு ரத்துக்கு விண்ணப்பியுங்கள். கடைக்கு மாநகராட்சியின் தொழில் உரிமம் தனி.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸிலிருந்து கலிஃபோர்னியாவுக்கு மாறுகிறான். சம்பளம் கூடுகிறது என்று சந்தோஷப்படுகிறான், மருமகளோ வரியிலேயே போய்விடும் என்கிறாள். யார் சொல்வது சரி?
- வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: மருமகள் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது ஐயா. நம் நாட்டில் சம்பளத்தின் மேல் வருமான வரி போடுவது மத்திய அரசு மட்டும், சேலத்திலிருந்து டெல்லிக்கு மாறினாலும் அதே விகிதம். அங்கே மத்திய வரிக்கு மேல் மாநிலமும் தனியாக வருமான வரி போடலாம். டெக்சாஸில் அது அறவே கிடையாது. கலிஃபோர்னியாவில் படிப்படியாக ஏறி, மிகப் பெரிய வருமானத்துக்கு 13.3 சதவீதம் வரை போகிறது, மகனுடைய சம்பளத்துக்கு அதற்குக் கீழேதான் வரும். நியூயார்க் மாதிரிச் சில ஊர்களில் நகரமே இன்னொரு வருமான வரி போடுகிறது.

அதற்காக டெக்சாஸில் வரியே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், அங்கே சொத்து வரி கடுமை. வாடகை வீட்டில் இருந்தவருக்கு அது நேராகத் தெரிந்திருக்காது, வாடகைக்குள் ஒளிந்திருக்கும். கடையில் வாங்கும் பொருளுக்கு விற்பனை வரி இரண்டு இடத்திலும் உண்டு. டெக்சாஸில் உள்ளூர் வரியும் சேர்ந்து 8.25 சதவீதம் வரை, கலிஃபோர்னியாவில் 7.25-ல் தொடங்கி ஊருக்கு ஊர் கூடும். ஆகவே பழைய சம்பளத்தையும் புதிய சம்பளத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. பிடித்தம் எல்லாம் போக கையில் வருவதில் வாடகையைக் கழித்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், அதுவும் ஆஃபரில் கையெழுத்துப் போடும் முன்.

மாறுகிற ஆண்டில் கலிஃபோர்னியாவில் பகுதி ஆண்டு குடியிருப்பவர் என்று கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். டெக்சாஸில் இருந்து அங்கேயே வேலை பார்த்த மாதங்களின் சம்பளத்துக்குக் கலிஃபோர்னியா வரி கேட்காது, ஆனால் எந்தத் தேதியில் மாறினார் என்பதற்கு வீட்டு ஒப்பந்தம், வேலை மாறிய கடிதம் எல்லாம் கையில் இருக்க வேண்டும். காரை, அங்கே குடியேறிய 20 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நம் 12 மாதக் கணக்கு அங்கே செல்லாது.

கேள்வி: தர்மபுரியிலிருந்து சேலம் வருகிறோம். அம்மாபேட்டையில் ஒரு பழைய வீடு பேசியிருக்கிறோம். வில்லங்கச் சான்றிதழ் சுத்தமாக இருக்கிறது, தைரியமாக அட்வான்ஸ் கொடுங்கள் என்கிறார் புரோக்கர். கொடுக்கலாமா?
- வாசகி, தர்மபுரி

பதில்: ஒரு நாள் பொறுங்கள். வில்லங்கச் சான்றிதழில் பதிவான பத்திரங்கள்தான் வரும். மாநகராட்சிக்கு உள்ள வரி பாக்கி அதில் வராது, விற்றவர் போன பிறகு அந்த பாக்கியை வீட்டில் இருக்கிற உங்களிடம்தான் கேட்பார்கள். வீட்டின் வரிவிதிப்பு எண்ணை வாங்கி, மண்டல அலுவலகத்திலோ இணையத்திலோ நீங்களே நிலுவையைப் பாருங்கள். சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், பாதாள சாக்கடை, குப்பைக் கட்டணம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஒன்றில் பாக்கி இல்லை என்பதால் மற்றதில் இல்லை என்று ஆகாது.

அடுத்தது அளவு. வரி ரசீதில் தரைத்தளம் மட்டும் இருந்து, மாடி பிறகு கட்டியதாக இருந்தால், என்றைக்காவது அளந்து வரியை ஏற்றுவார்கள். முன்பகுதியைக் கடையாக்கிவிட்டு வீட்டு வரியே கட்டிக்கொண்டிருந்தாலும் இதே கதிதான். ரசீது எந்த வருடத்தது என்றும் பாருங்கள், 2022-ல் மாநிலம் முழுக்கச் சொத்து வரியைப் பரப்பளவைப் பொறுத்து 25 முதல் 150 சதவீதம் வரை உயர்த்தினார்கள், அதற்கு முந்தைய ரசீதைக் காட்டி வரி இவ்வளவுதான் என்றால் நம்ப வேண்டாம். பதிவு நாள் வரையுள்ள எல்லா பாக்கியும் விற்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பதிவுச் செலவுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் எடுத்து வையுங்கள். அந்த 7-ல் 2 சதவீதம் உள்ளாட்சிக்காக வாங்குவது.

பத்திரம் முடிந்ததும் மண்டல அலுவலகத்தில் வரிவிதிப்பில் பெயர் மாற்ற விண்ணப்பியுங்கள். அரையாண்டு தொடங்கிய முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு, கெடு தாண்டினால் மாதம் 1 சதவீதம் வட்டி. பெயர் மாறட்டும் என்று அதற்காகக் காத்திருக்க வேண்டாம், பழைய பெயரிலேயே கட்டிவிடுங்கள், பணம் அந்த வரிவிதிப்பு எண்ணில்தான் வரவாகும்.