செட்டர் ஊருக்குப் போகுமுன்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் 3 சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷின்) வைத்து ஜாப் ஒர்க் செய்கிறோம். எங்கள் மூத்த செட்டர் (ஒவ்வொரு ஜாபுக்கும் மெஷினைத் தயார் செய்பவர்) 4 மாதத்தில் வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். எல்லா விவரமும் அவர் தலையில்தான் இருக்கிறது. ஈஆர்பி சாஃப்ட்வேர் வாங்கிவிட்டால் சமாளிக்கலாமா?
— வாசகர், பீன்யா

பதில்: இப்போது வேண்டாம். ஈஆர்பி ஆர்டர், ஸ்டாக், பில்லைப் பார்த்துக்கொள்ளும். ஒரு புஷ்ஷுக்கு (குழாய் மாதிரியான பாகம்), அதைப் பிடிக்கும் சாஃப்ட் ஜாவை எத்தனை மி.மீ. போர் செய்வது (குடைவது) என்பதை யாராவது எழுதிப் போட்டால்தான் அதற்குத் தெரியும்.

இந்த வாரமே மெஷினில் உள்ள புரோகிராம், பாராமீட்டர் (மெஷினின் செட்டிங்), ஆஃப்செட் (டூல் அளவுத் திருத்தம்) எல்லாவற்றையும் மெமரி கார்டில் எடுத்து, கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, கூகுள் டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். ஃபேனக் கம்பெனியின் கன்ட்ரோலில் (மெஷினை இயக்கும் கம்ப்யூட்டர்) இவற்றை ஒரு சிறிய பேட்டரிதான் காக்கிறது. பேட்டரி மாற்றும்போது கன்ட்ரோல் ஆனில் இருக்கட்டும். ஆஃப் செய்து கழற்றினால் அத்தனையும் அழிந்துபோகலாம்.

அடுத்து, அடிக்கடி வரும் ஜாப் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க செட்டப் ஷீட்: டிராயிங் எண், ரிவிஷன் (டிராயிங்கின் எத்தனையாவது திருத்தம்), புரோகிராம் எண், ஜா போர் அளவு, சக் பிரஷர் (பீஸை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தம்), டூல் ஸ்டேஷன் வாரியாக இன்சர்ட் (டூலில் மாட்டும் வெட்டுமுனை). ‘சிஎன்எம்ஜி 120408’ என்று நிறுத்திவிடாதீர்கள். கடைசி 08 நோஸ் ரேடியஸ் (முனையின் வளைவு) 0.8 மி.மீ. என்று சொல்லும், எந்த உலோகத்துக்கு ஏற்றது என்ற கிரேடைச் சொல்லாது. ஸ்டீல் கிரேடை ஸ்டெயின்லெஸ்ஸில் போட்டால் முனை சீக்கிரம் போய்விடும்.

“உட்கார்ந்து எழுதிக் கொடுங்கள்” என்று செட்டரிடம் கேட்டால் நடக்காது. அவர் ஜாப் மாற்றும்போது ஒரு பையன் பக்கத்தில் நின்று படம் எடுத்து, கேட்டு எழுதட்டும். “முதல் பீஸ் அளவு தப்பினால் எதை முதலில் பார்ப்பீர்கள்?” என்ற கேள்வியில்தான் சரக்கு இருக்கிறது. மெல்லிய புஷ் கழற்றியதும் ஓவலானால் சக் பிரஷரைக் குறைப்பார். இது எந்த டிராயிங்கிலும் இராது. அவர் தமிழில் சொன்னாலும், ஷீட் உங்கள் ஆபரேட்டர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும்.

மூன்றாம் மாதம் அவரைப் பேசாமல் நிற்கச் சொல்லி, பையனை ஷீட்டை மட்டும் பார்த்து செட் செய்ய விடுங்கள். எங்கே தடுமாறுகிறானோ, அங்கே ஷீட்டில் ஒரு வரி விடுபட்டிருக்கிறது. இந்த வேலைக்கு அவருக்குத் தனியாகப் பணம் கொடுங்கள், ஷீட்டில் அவர் பெயரைப் போடுங்கள். அது அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது.

கேள்வி: வாட்ஸ்அப்பில் வந்த பழைய டிராயிங்கைப் பார்த்து ஒரு லாட்டே ரிஜெக்ட் ஆகிவிட்டது. என்ன வழி?
— வாசகி, ராஜாஜிநகர்

பதில்: வாட்ஸ்அப்பிலிருந்து நேராக மெஷினுக்கு எதுவும் போகக் கூடாது. ஒருவர் மட்டும் இறக்கி, பார்ட் எண்ணும் ரிவிஷனும் ஃபைல் பெயரில் வரும்படி சேமித்து, பிரின்ட் கொடுக்கட்டும். பழைய தாளைத் திரும்ப வாங்கிக் கிழித்த பிறகே புதியது.